முருகனுக்கு நேர்ந்த சேவல்

கோழிக்கறி எனக்குப் பிடிக்கும். பெரியப்பாவைத்தான் பிடிக்காது. போன வருடம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டார்கள்.

எனக்கு எதிரே இருந்த பெரியப்பா கோழிக்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி, பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையின்ரை தாய் எனக்குக் கிடைக்கவேண்டிய நாட்டுக்கோழிக் குழம்பை முருகனுக்குக் குடுத்திட்டா," என்றார். மேசை முழுவதும் சிரித்தது. அந்தக் கதையை அவர் பல இடங்களில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கதையில் அவர் ஏமாந்துபோன அப்பாவி, அம்மா ஒரு பக்திப் பைத்தியம், நான் ஓர் அழுகுணி. நான் கையைக் கழுவிக்கொண்டு போய்க் காருக்குள் இருந்தேன். அவர் சொன்னதில் பொய் அதிகமில்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதை நான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லண்டனில், வால்தம்ஸ்டோவில் பெரியப்பாவின் வீட்டு மேல்மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். பெரியம்மா அம்மாவின் சொந்த அக்கா. அதனால் வாடகை என்ற பேச்சு இல்லை. அதற்குப் பதிலாக அம்மா அந்த வீட்டில் சமைத்தாள், கூட்டினாள், முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போட்டாள். வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பெரியப்பா கோயில் சபையில் முக்கியமான ஆள். வெளியில் அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது என்றுதான் இன்றைக்கும் பேச்சு. நாங்கள் கேட்கும் தூரத்தில் நிற்கும்போதே வந்தவர்களிடம், "பாவங்கள், போக இடமில்லை, நான்தான் வைச்சிருக்கிறன்," என்பார். அம்மா அப்போது தட்டோடு அவர் பக்கத்தில் நிற்பாள். சீனி போதுமா என்று கேட்பாள்.

அந்த வசந்த காலத்தில் எங்கள் வகுப்புக்கு முட்டைகள் வந்தன. கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் சூடு கொடுத்து, பிள்ளைகளின் கண் முன்னாலேயே குஞ்சு பொரிக்க வைப்பார்கள். பொரித்த குஞ்சுகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் ஆசிரியை, வீட்டில் தோட்டம் இருக்கிற யாராவது ஒரு குஞ்சை வளர்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டாள். நான் எல்லாருக்கும் முதல் கையைத் தூக்கினேன். அது எங்கள் வீடுமில்லை, எங்கள் தோட்டமுமில்லை என்பது கையைத் தூக்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவர் பெரியப்பா. வெள்ளைக்கார ஆசிரியை சிரித்த முகத்தோடு கேட்கும்போது அவர் இல்லையென்று சொல்வாரா? ஊரில் நூறு கோழி வளர்த்த குடும்பம் என்று ஆங்கிலத்தில் அவளுக்கு விளக்கம் சொல்லி, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். வெளியில் வைத்து யாராவது கேட்டால் பெரியப்பாவால் மறுக்க முடியாது. இதை அம்மாவும் கவனித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் குஞ்சைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். தலையை நிமிர்த்தினால் சேவல், தொங்கவிட்டால் பேடு என்றார். பாவம், அது பயத்தில் அப்படியே தொங்கியது. "பேடு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வகுப்பில் அதற்கு ரூபி என்று பெயர் வைத்திருந்தோம், அதுவும் பொருந்திப் போயிற்று. கோயில் சபையில் உள்ளவர்களுக்கெல்லாம் நாட்டுக்கோழி முட்டை தருவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்தார்.

ரூபி என்னுடைய பிள்ளையாக வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பின்கதவைத் திறக்கிற சத்தத்துக்கே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு ஓடிவரும். நான் படியில் இருந்தால் என் சப்பாத்தின் மேல் ஏறி உட்காரும். பருப்பும் சோறும் பிசைந்து வைத்தால் பருப்பை மட்டும் தேடிக் கொத்தும். அந்த வீட்டில் நான் சத்தம் போட்டுப் பேசிய ஒரே ஆள் அதுதான். மேலே அறையில் நாங்கள் மெல்லப் பேசவேண்டும், மெல்ல நடக்கவேண்டும், குளியலறையில் தண்ணீரைக்கூட மெல்லத் திறக்கவேண்டும். தோட்டத்தில் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளாக ஆகக் கொண்டை சிவந்து நிமிர்ந்தது. வால் வளைந்தது. பெரியம்மா சந்தேகமாகப் பார்த்தாள். அது இந்த நாட்டு இனம், அப்படித்தான் இருக்கும் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். ஒருநாள் விடியற்காலை ரூபி கூவியது. முதல் கூவல், சளி பிடித்தவர் கனைப்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் கூவல் கூவல்தானே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா கட்டிலில் இருந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கீழே பெரியப்பா இருமுவது கேட்டு, தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் இரவில் பஸ் ஓட்டிவிட்டு விடியத்தான் படுப்பவர். மரியாதையாக ஒரு தடவை வந்து சொன்னார். இரண்டாம் தடவை மரியாதை குறைந்தது. பிறகு கவுன்சிலில் இருந்து ஓர் ஆள் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தெருவில் தன் மானம் போய்விட்டது என்று பெரியப்பா குதித்தார். அவருக்குக் கவுன்சிலைவிட, அது பேடு இல்லையென்று ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான் கூடச் சுட்டிருக்கும். இனி இதை வைத்திருக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்.

நான் அழுதேன். அவர் என்னைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினார். "பிள்ளை அழாதை. கென்ரிலை எனக்குத் தெரிஞ்ச பண்ணை ஒண்டு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய் விடுறன்," என்றார். அவருடைய கண்ணும் கலங்கியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அந்தப் பண்ணை என்னவோ உண்மையில் இருந்தது. தீபாவளிக்கு முதல் எங்கள் ஆட்கள் கார் கட்டிக்கொண்டு போய் நாட்டுக்கோழி வாங்கிவருகிற இடம் அது. அங்கே கோழி கொண்டுபோய் விட்டவர் ஒருவரும் இல்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் நம்பினேன். முழுதாக நம்பினேன். பெரியப்பாவைப் போல நல்லவர் இல்லை என்று எல்லாரும் சொல்வதை நானும் மனதுக்குள் சொன்னேன்.

அதே நாள் பின்னேரம் அவர் குசினிக்குள் போய் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபை ஆட்கள் ஆறேழு பேர் சாப்பிட வருகினம், நல்லாய்த் தூள் வறுத்து வை என்று சொல்லியிருக்கிறார். லண்டனில் முற்றத்தில் வளர்ந்த சேவல் யாருக்குக் கிடைக்கும் என்றும் சொன்னாராம். இதைப் பெரியம்மாதான் வெகுகாலத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னாள். அம்மா அடுத்த நாள் தூள் வறுத்தாள். அது எனக்கு நல்ல ஞாபகம். நான் தோட்டத்தில் ரூபியை மடியில் வைத்துக்கொண்டு, பண்ணையில் புல் இருக்கும், குளம் இருக்கும், பேடுகள் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குசினி ஜன்னலால் செத்தல் மிளகாய் வறுக்கிற நெடி வந்து இரண்டு பேருக்கும் தும்மல் பிடித்தது. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த நெடிதான் வருகிறது.

அம்மா கோழி சாப்பிடாதவள் இல்லை. பிராணிகளில் அன்பு என்று சொல்வதற்கும் இல்லை. ரூபி சமையல் கட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றால் துரத்துவாள். அவள் வறுத்த தூளைப் போத்தலில் போட்டு மூடி வைத்துவிட்டு என்ன யோசித்தாளோ தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சபை ஆட்கள் தேர்த் திருவிழா அலுவலாகப் பேச வந்திருந்தார்கள். அம்மா வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். நான் மாடிப் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு வெறுமையான பிறகும் அவள் உள்ளே போகவில்லை.

"அத்தான், ஒரு விசயம். அந்தச் சேவலை நான் முருகனுக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன். இவருக்கு விசா கிடைக்கவேணுமெண்டு. உங்களிட்டை முதலே சொல்லியிருக்க வேணும், குறை நினையாதேங்கோ."

எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முருகனின் கொடியில் இருப்பது சேவல். நேர்த்தி வைத்து அவனுக்கென்று விட்ட சேவலை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் குடும்பத்துக்குக் கூடாது. அதை வெட்டிக் குழம்பு வைக்கிறவன் மனிசனில்லை. சபைத் தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல விசயம் தங்கச்சி. அவன் கைவிட மாட்டான்," என்றார். இன்னொருவர் பெரியப்பாவின் தோளைத் தட்டி, முருகன்ரை சேவலே உம்மடை வளவுக்குள்ளை நிக்குது, நீர் குடுத்துவைச்சனீர் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வர இருந்தவர்களும் இவர்கள்தான். ஒருவரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. இருமி முடித்து, "ஓம் ஓம், நல்லதுதானே," என்றார். வேறென்ன சொல்வார்?

அம்மா அப்படியொரு நேர்த்தியும் வைக்கவில்லை. அந்த நிமிடத்துக்கு முதல் முருகனுக்கே அது தெரியாது. அடுத்த வருடம் அப்பாவுக்கு உண்மையிலேயே விசா கிடைத்தபோது, அவள் கோயிலுக்குப் போய் நன்றி சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் கொதித்துப்போனேன். ரூபிக்குக் கிடைக்க இருந்த புல்லையும் குளத்தையும் அம்மா பறித்துவிட்டாள். அப்பாவின் விசாவுக்காக என் ரூபியை லஞ்சமாகக் கொடுத்துவிட்டாள். அறைக்கு வந்ததும், முருகனிட்டை ஏற்கெனவே கொடியிலை ஒரு சேவல் இருக்கு என்று சத்தம் போட்டேன். "இன்னொண்டும் இருக்கட்டும்," என்றாள் அம்மா. மெல்லப் பேசு என்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காரை எடுக்கவில்லை. சீற்றெல்லாம் எச்சம் போடும் என்று பெரியம்மா மூலமாகச் சொல்லிவிட்டார். வாழைப்பழப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, ரூபியை வைத்து, பழைய சேலைக் கரையால் கட்டி, இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் அது கூவியது. சனங்கள் சிரித்தார்கள், ஒருவன் போனில் படமெடுத்தான். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் வேறு சீற்றில் போய் இருந்தேன்.

கோயிலில்தான் அம்மாவின் கெட்டித்தனம் சந்திக்கு வந்தது. ஊரில் என்றால் நேர்ந்த சேவலைக் கோயில் வீதியில் அவிழ்த்துவிட்டால் அலுவல் முடிந்தது. அதுபாட்டுக்கு மேயும், மரத்தில் ஏறிப் படுக்கும். லண்டன் முருகனுக்கு வீதியில் கார் நிறுத்தக்கூட இடமில்லை. அலுவலகத்தில் இருந்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உயிருள்ளது ஒண்டும் இஞ்சை எடுக்க ஏலாது," என்றார். அவரில் பிழையில்லை. அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமைக்கு அங்கால் அவள் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"அப்ப பெரியப்பாவின்ரை பண்ணைக்கே குடுப்பம்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நோகப் பிடித்தாள்.

பூசை முடித்து வந்த ஐயர் சங்கதியைக் கேட்டு, படியில் வைத்தே ரூபியின் தலையில் திருநீறு போட்டார். முருகன் ஏற்றுக்கொண்டார், இனி அவருடைய பேரில் வளர்க்க ஒரு நல்ல இடம் பாருங்கோ என்றார். பிறகு அவரே யோசித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற இந்திய டொக்டர் அம்மா ஒருத்தர் வீட்டில் கோழி வளர்க்கிறா, மத்தியானப் பூசைக்கு வருவா என்றார். நாங்கள் சப்பாத்துகள் வைக்கிற இடத்தில் பெட்டியோடு காத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் ரூபியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டொக்டர் வந்தார். எசெக்ஸ் பக்கம் வீடு, பெரிய தோட்டம், நாலு பேடு. முதலில் தயங்கினார். "சாமிக்கு விட்ட சேவல்னு சொல்றீங்க. ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா குத்தமாயிடுமேன்னு யோசனையா இருக்குங்க," என்றார். வெட்டாமல் வளர்த்தால் காணும், மிச்சத்தை முருகன் பார்ப்பார் என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, விசா அலுவலகம் தோற்றுப்போகும். இரவில் எங்கே படுக்கும், நரி வருமா, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், குளிருக்கு என்ன செய்வீர்கள். கடைசியாக, "வீட்டிலை ஆர் கோழி சாப்பிடுறவை?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லீங்க, நாங்க சைவம். முட்டை மட்டும், அதுவும் பசங்களுக்குத்தான்."

"வயசு போனால்?"

"வயசானா இருந்துட்டுப் போகுது. எங்க மாமியாரும்தான் இருக்காங்க."

அம்மா அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கையைவிட்டுக் கொடுத்தாள். பெரியப்பா வீட்டில் சீனி போதுமா என்பதைத் தவிர ஒரு கேள்வியும் கேட்டு நான் காணாதவள், ஒரு சேவலுக்காக ஒரு டொக்டரை நிறுத்தி வைத்து விசாரித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. ரூபிக்கு நான் போய்வா என்று சொல்லவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டேன், அது கொத்தியது, கார் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதபடி, பெரியப்பா பார்த்த பண்ணைதான் நல்லது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையை அவள் அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு இரவே நான் சாப்பாட்டு மேசையில் பெரியப்பாவிடம் கேட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பெரியப்பா அம்மாவோடு நேரே பேசுவதை நிறுத்தினார். கறியில் உப்புக் கூட என்று பெரியம்மாவிடம் சொல்வார். மேலே லைட் எரிகிறது என்று சுவரிடம் சொல்வார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேணும் என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சொல்வார். இலை உதிர்கிற காலம் வரமுதல், கனடாவில் இருந்து தன் சொந்தக்காரர் வருகிறார், அறை வேண்டும் என்றார். எங்களுக்கு வேறு இடமும் அவரே பார்த்தார். நகரத்தின் மற்றக் கரையில், தோர்ண்டன் ஹீத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை. அம்மாவின் வேலை போயிற்று, என் பள்ளிக்கூடம் போயிற்று. கனடாவில் இருந்து ஒருவரும் வரவில்லை. எங்கள் அறையில் திருவிழாச் சாமான்களை அடுக்கி வைத்தார்களாம்.

ரூபியை ஏற்றாத பெரியப்பாவின் கார், வீடு மாறுகிற அன்றைக்கு எங்களை ஏற்றிப்போக வந்தது. பெரியப்பா எங்கள் பைகளைத் தானே மேலே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். எனக்குச் சொக்லேட் வாங்கித் தந்து, "பிள்ளைக்கு இனித் தனி வீடு," என்றார். நான் அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். என்னைக் கொண்டு அதையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் அந்த மனிதர் போனார். மற்றதெல்லாம் ஒருவேளை ஆறலாம். அது எனக்கு ஆறாது.

கார் போன பிறகு பின் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கீழே கடையின் பின்முற்றம், மரக்கறிப் பெட்டிகள், அதற்கு அங்கால் தண்டவாளம். ரயில் போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஒரு சேவல் தொண்டை கிழியக் கூவினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். இப்படி ஓர் இடம் இருக்குதெண்டால் ஏன் முதலே வரேல்லை, வந்திருந்தால் ரூபி எங்களோடையே இருந்திருக்கும், எல்லாம் உங்களாலைதான் என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அங்கே மெல்லப் பேச வேண்டியிருக்கவில்லை.

அம்மா முந்தி இருந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கை அடுப்பில் இருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அந்த அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"ஓம். முதலே வந்திருக்கலாம்," என்றாள்.

கடைசியில் அம்மா தன் பிழையை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு நான் ஜெயித்தவள்போல இருந்து சாப்பிட்டேன்.